ஆண் புழு அகப்படாத ஆஸ்பத்திரி

மலாய் நாட்டுக் காஜா பெராங்கில் பல்லியால் உயிர் தப்பியவர் என்றால் அது நல்லையா ஒருவர்தான். ஆஸ்பத்திரி அட்டெண்டன்ட். ஒல்லியான ஆள், எதற்கும் அவசரப்பட மாட்டார். நான் அப்போது அங்கே தாதிப் பயிற்சியில் இருந்தேன். அவர் வேலை செய்த அறையில்தான் ஊசிகளைக் கொதிக்கவைப்பேன். அதனால் இது நான் கேள்விப்பட்ட கதை அல்ல.

ஜப்பான்காரன் காலம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நல்லையாவின் முறை வந்தபோது ஜப்பான் ராணுவ டாக்டர் ஒருவர், "இவன் எனக்கு வேண்டும்" என்று நிறுத்திவைத்தார். நோயாளிகளுக்காக அல்ல. வீட்டுப் பல்லியின் குடலில் நூல் மாதிரி ஒரு வெள்ளைப் புழுவை அவர் கண்டிருந்தார். உலகத்தில் இதுவரை யாரும் எழுதாத இனம் என்பது அவர் நம்பிக்கை. வார்டில் கொயினா மாத்திரை இல்லாமல் ஆட்கள் காய்ச்சலில் நடுங்கினார்கள். புழுவுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

பல்லி பிடிக்க வேண்டும், குடலைக் கீறி உப்புத் தண்ணீரில் அலச வேண்டும், புழுவைக் கண்ணாடித் தட்டில் எடுத்து வைக்க வேண்டும். நல்லையாவின் மனைவி சந்திரமதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பல்லியைக் கொல்றது பாவம்ங்க!"

"சயாமுல போய்ச் செத்தா புண்ணியமா?"

"சாமி மேடைப் பல்லியைத் தொட்டீங்க, சோறு கிடையாது."

"இப்ப மட்டும் சோறா போடுற? மரவள்ளிதானே."

கிடைத்ததெல்லாம் பெண் புழு. ஆணின் வாலைப் பார்த்து வரையாமல் புது இனம் என்று எழுத முடியாதாம். ஆண் சின்னதாக இருக்கும், வால் கொக்கி போல வளைந்திருக்கும் என்று டாக்டரே படம் போட்டுக் காட்டினார். "அது கிடைத்ததும் உன் வேலை முடிந்தது" என்றார் மலாய் மொழியில். முடிந்தால் அடுத்தது சயாம்.

மறுவாரமே ஆண் கிடைத்தது. நல்லையா வளைந்த வாலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டைச் சாய்த்தார்.

"என்ன அண்ணே அது?"

"அழுக்கு, தங்கச்சி."

அதற்குப் பிறகு அந்தத் தட்டில் அடிக்கடி அழுக்குச் சேர்ந்தது.

காஜா பெராங்கில் பல்லி குறைந்து கொசு பெருகியது. டாக்டர் இளைத்துப்போனார். ஒருநாள் மைக்ரோஸ்கோப்பை உறை போட்டு மூடிவிட்டார். "ஆணே இல்லாத இனம் போலிருக்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன். நீ நாளைக்கு ரயிலேறு."

நல்லையா முதன்முறையாக அவசரப்பட்டார். "இன்னும் ஒரு பல்லி இருக்கு, துவான்."

சாமி மேடைப் பல்லி. சந்திரமதியே சட்டியைக் கவிழ்த்துப் பிடித்துக் கொடுத்தாள். பாவத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அதன் குடலில் ஒரே ஒரு ஆண். நல்லையா அதன் வால் நுனியை நகத்தால் கிள்ளிவிட்டுத் தட்டில் வைத்தார்.

டாக்டர் துள்ளினார். கண்ணாடி வழியே மறுபடி பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது. "வால் இல்லையே! இன்னொன்று வேண்டும். முழுசாக!"

உத்தரத்தில் தப்பியிருந்த பல்லி ஒன்று ச்சக், ச்சக் என்றது.

"பல்லியே சொல்லிட்டுது, துவான். நிச்சயம் கிடைக்கும்."

ஜப்பான் சரணடையும்வரை கிடைக்கவில்லை. நல்லையாவோடு முறை வந்து சயாமுக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவே இல்லை.

டாக்டர் புறப்படும்போது வாலறுந்த ஆண் இருந்த புட்டியை நல்லையாவிடம் கொடுத்து, குனிந்து வணங்கினார். "உன்னைப் போல உண்மையாக உழைத்தவனை நான் கண்டதில்லை."

புழுவுக்குப் பெயர் வைக்க ஆளில்லாமல் போயிற்று. அடுத்த வருடம் நல்லையாவுக்குப் பிறந்த மகனுக்கு மட்டும் ஜெயபாலன் என்று வைத்தார்கள்.