வாழை வௌவாலும் வரைபடத்தில் ஒரு புள்ளியும்

காலை 6.50. டொரொன்டோவின் மல்வேர்னில் பூச்சியத்துக்குக் கீழே பதினாறு பாகை. மூன்று டொலர் முப்பது சதம் கட்டிக் கென்னடி சுரங்க ரயில் நிலையத்துக்கு பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில், தொழிற்சாலைச் சப்பாத்தோடு ஒரு பெரியவர்.

“வேலைக்கோ பிள்ளை?”

“இல்லை அங்கிள், மியூசியத்துக்கு. ஒரு வௌவால் பாக்கப் போறன்.”

“உயிரோடயோ?”

“செத்து எழுபது வருஷம் இருக்கும்.”

“பிறகென்ன அவசரம்?”

சிரித்தேன். ஆனால் மூன்று வாரமாக எனக்கு நல்ல நித்திரை இல்லை. ஆபிரிக்காவின் வாழை வௌவால் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். மூன்று நான்கு கிராம் எடை. சுருண்ட வாழைக் குருத்துக்குள் உறங்கும். அது வாழும் இடங்களைப் புள்ளிகளாகக் காட்டும் வரைபடம் ஒன்று செய்திருக்கிறேன். பாலைநிலத்தில் அது வாழாது என்பதே அதன் அடிப்படை. பழைய மியூசியப் பட்டியலொன்றோ, கலஹாரிப் பாலைவனத்தின் வறண்ட பகுதியில் ஒன்று பிடிபட்டதாகச் சொன்னது. அந்த உடல் இங்கே டொரொன்டோ மியூசியத்தில் இருக்கிறது. “பார்க்காமல் அந்தப் புள்ளியை அழிக்க முடியாது” என்று என் பேராசிரியர் சொல்லிவிட்டார். பட்டியல் சரியென்றால் என் இரண்டு வருட உழைப்பு வீண்.

9.15. மியூசியத்தின் சேகரிப்பு அறையில், உடல்களைப் பதப்படுத்தும் மதுசாரம் மணத்தது. பொறுப்பாளர் அனுஷா இந்த நகரத்திலேயே, வெக்ஸ்போர்ட் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்.

“கிளவ்ஸ் போடுங்கோ அக்கா. ஸ்கல் தனியா இந்த டியூப்ல இருக்கு. இட்ஸ் ரியலி டைனி.”

மண்டையோடு சுண்டுவிரல் நகத்தளவு. கூடவே உடலில் நூலால் கட்டிய மூன்று பெயர்ச் சீட்டுகள். ஆய்வாளர்கள் இந்த வௌவாலைப் பேரினம் விட்டுப் பேரினம் மாற்றியபோதெல்லாம் புதுச்சீட்டு கட்டியிருக்கிறார்கள். வாழை வௌவாலுக்கு மேல் கோரைப்பல்லின் பின்னால் ஊசிமுனை போல் ஒரு சின்னப் பல் உண்டு. வறண்ட நிலத்திலும் வாழும் கேப் வௌவாலுக்கு அது இல்லை. இவ்வளவு பழைய உடலில் மற்றபடி இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

நுண்நோக்கியில் பார்த்தேன். பல் இல்லை. ஆனால் விழுந்திருக்கலாமே? விழுந்திருந்தால் எலும்பில் குழி இருக்கும். அந்த இடத்தில் காய்ந்த தசை ஒட்டியிருந்தது. ஈரத் தூரிகையால் அதை எடுக்க நாற்பது நிமிடம் பிடித்தது.

“குழி இருக்கோ அக்கா?”

“இல்லை. நீங்களும் ஒருக்கா பாருங்கோ.”

அனுஷா இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தார். “ஓம், ரெண்டு பக்கமும் ஸ்மூத்தா இருக்கு. அப்ப இது வாழை வௌவால் இல்லையோ?”

“இல்லை. இது கேப் வௌவால்.”

சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்தேன். என் வரைபடம் தப்பிவிட்டது. கண் கலங்கியது. அனுஷா வெளியே கூட்டிப்போய்த் தேநீர் வாங்கித் தந்தார்.

திரும்பி வந்து புதிய சீட்டில் சரியான பெயரையும், என் பெயரையும், திகதியையும் எழுதி அதே நூலில் கட்டினேன். பழைய சீட்டுகளை எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு அனுஷா தலையசைத்து மறுத்தார். “ஒண்டையும் எடுக்கிறேல்லை அக்கா. பிழையா எழுதினதும் இருக்கோணும்.”

பிற்பகல் 2.40. வெளியே வெயில் அடித்தது; குளிர் குறையவில்லை. பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு பிழைக்கும் அஞ்சி ஒரே பந்தியை இருபது தடவை அழித்து எழுதுபவள் நான். இங்கோ, பிழையாக எழுதியவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தும் ஒரே நூலில் கட்டியிருக்கிறது. என்னையும் ஒருநாள் யாராவது திருத்தலாம். திருத்தட்டும் என்று நினைத்தபடி சுரங்க ரயில் நிலையத்துப் படிகளில் இறங்கினேன்.