கோ ஆஃப்: பாலும் அலாரமும் எங்கள் வளவும்

லீட்ஸில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில், காலையில் முதலில் பாலை முகர்ந்து பார்க்க வேண்டும். புளித்திருந்தால் மேற்பார்வையாளர் லிண்டா ‘கோன் ஆஃப்’ என்பாள். பால் எங்கே போனது என்று முதல் நாள் யோசித்தேன். விளக்கு அணைந்தாலும் கோ ஆஃப், அவள் சாப்பிடப் புறப்பட்டாலும் கோ ஆஃப். ஒரு நாள் ஃபயர் அலாரம் அலறியது. வெளியே போயிருந்த லிண்டா போன் எடுத்து, அலாரம் கோன் ஆஃபா என்று கேட்டாள். “நோ, இன்னும் அடிக்கிறது” என்றேன். அலாரம் அடிக்கத் தொடங்குவதும் கோ ஆஃப்தானாம். அதைச் சொல்லிச் சொல்லி இன்றும் சிரிக்கிறாள்.

குண்டு வெடிப்பதற்கும் அதே சொல்தான். போன கிழமை ஒரு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தபோது அது எனக்குத் தேவைப்பட்டது.

எங்கள் கடற்கரை ஊரான மயிலிட்டியில் வீடிருந்த வளவு நான் பிறக்க முன்னரே இராணுவத்திடம் போனது. நான் பிறந்தது அகதி முகாமில். வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் என்பதால், காணியை விடச் சொல்லும் மனுக்களையெல்லாம் நான்தான் எழுதினேன். கடைசியில் விட்டார்கள். கடற்றொழிலை நிறுத்திவிட்டு அப்பா வளவில் மண்டிக் கிடந்த பற்றைகளை வெட்டினார். கிணற்றடியில் துருப்பிடித்த, வெடிக்காத செல் குண்டு ஒன்று வந்தது.

“தொட்டனீங்களோ?” என்று வீடியோவில் கேட்டேன்.

“தொடாமல்? அது நடந்தே வேலிக்குப் போனது? ஓலைக் கடகத்திலை தூக்கித்தான் வைச்சனான்.”

“பானையாலை மூடியும் வைச்சிருக்கிறார், வெயில் படாமல்” என்றார் பின்னாலிருந்து அம்மா. “கோழியள் உதுக்குப் பக்கத்திலைதான் கிளறுது.”

“கண்ணிவெடி எடுக்கிற ஆக்களுக்குச் சொல்லுங்கோ அப்பா.”

“சொன்னால் வளவைத் திருப்பியும் மறிச்சுப்போடுவாங்கள். பிறகு எந்தக் காலத்திலை விடுவாங்கள்? இவ்வளவு வருசம் வெடிக்காதது இப்பவோ வெடிக்கப்போகுது? நீ படிச்சனி. ஒருத்தருக்கும் வாய் திறக்காதை.”

இரண்டு இரவு பொறுத்தேன். மூன்றாம் நாள், இது எப்போது வேண்டுமானாலும் கோ ஆஃப் ஆகலாம் என்று ஆங்கிலத்தில் எழுதி கண்ணிவெடி எடுப்பவர்களுக்கு அனுப்பினேன். நாளைக் காலை வருவதாகப் பதில் வந்திருக்கிறது. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

இன்று இடைவேளையில் அவரே அழைத்தார். புது வீட்டுக்குத் தூண் நட அடையாளம் வைத்த இடத்தைக் காட்டினார்.

“உதுதான் உன்ரை அறை. கடல்காத்து நேரை வரும். எப்ப வாறாய்?”

“வாறன் அப்பா. இண்டைக்கு ஒண்டும் கிண்டாதேங்கோ.”

“உனக்கு விசர்” என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தூணுக்குக் குழி தோண்ட அலவாங்கை எடுத்தார். அது மண்ணில் இறங்கிய ஒவ்வொரு குத்துக்கும் நான் லீட்ஸில் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.