மூணாவது பாக்ஸு

எங்க மாமா, அம்மாவோட தம்பி, கிடார் வாசிப்பாரு. வாசிக்கிறதவிட வயரு மாட்டுறதுல கெட்டி. அண்ணனூர்ல எங்க தெருவுல ஆடி மாசம் கூழ் ஊத்துனா, சாயங்காலம் கச்சேரி அவருதான். நடுவுல கரெண்டு ட்ரெயின் ஹாரன் அடிச்சா, அதுக்கும் சேத்து வாசிச்சிடுவாரு.

பசங்க சுத்தி நின்னா போதும், பாடம் ஆரம்பிச்சிரும். "ஆம்புன்னா சத்தத்த ஏத்துற மோட்டருடா. ஸ்பீக்கர் பாக்ஸு பைப்பு மாதிரி. ஒரு பாக்ஸு எட்டு ஓம்ஸ். ரெண்டையும் சேத்து மாட்டுனா மோட்டருக்கு நாலுதான் தெரியும். ஓம்ஸ் கொறைய கொறைய மோட்டருக்கு லோடு ஏறும், இது நாலுக்குக் கீழ தாங்காது. மூணாவது பைப்பத் தொறந்தா மோட்டரு பூடும்." எனக்கு வாய்ப்பாடு ஏறாது, இது மட்டும் மனப்பாடம்.

ரெண்டு பாக்ஸும் அம்மனப் பாத்துதான் நிக்கணும், அது கோயில் தலைவரோட சட்டம். மேடைக்குப் பின்னாடி புது ஃப்ளாட்டு. மூணாவது மாடியில ஐடி வேலைக்குப் போற ஒரு அக்கா, மதுரப் பக்கம். கூழுக்கு மொத நாள் தண்ணி கேன் வாங்க கீழ கடைக்கு வந்துச்சு. "உங்க பாட்டு எங்க பக்கம் கேக்கவே மாட்டேங்குதுங்க. நாளைக் கழிச்சு காலி பண்ணிட்டுப் போறோம்"னு மாமாகிட்ட சிரிச்சிக்கினே சொல்லிட்டுப் போச்சு.

மறுநாள் மாமா எங்கேந்தோ இன்னொரு பாக்ஸு தூக்கியாந்தாரு. ஃப்ளாட்டப் பாத்து வச்சி, அதே ஆம்புல மாட்டுனாரு.

"மாமா, மூணு பாக்ஸு. மோட்டரு பூடும்."

"வாய மூடிக்கினு கூழக் குடிடா."

மூணாவது பாட்டு முடியுற நேரம், ஆம்புலேந்து கருகுன வாட. அப்புறம் சத்தமே இல்ல. தலைவரு கத்துறாரு. அம்மா தலையில அடிச்சிக்கிது, இனிமே கல்யாணக் கச்சேரிக்கு இவன எவன் கூப்புடுவான்னு. மாமா மட்டும் திரும்பி நின்னு மாடியப் பாத்துகினு கீறாரு.

காலைல டெம்போல பீரோ ஏறுது. அந்த அக்கா என்னக் கூப்ட்டு, "மூணு பாட்டும் கேட்டுச்சுன்னு உங்க மாமாட்ட சொல்லு"ன்னுச்சு. ஓடிப்போய் சொன்னேன். செத்த ஆம்ப மடியில வச்சி ஸ்க்ரூ கழட்டிக்கினு இருந்தவரு நிமிந்தாரு.

"மூணுமா?"

"ஆமா."

சிரிச்சாரு. ஆம்பு எரிஞ்சதுக்கு சிரிக்கிறாரு, மாமா லூசாயிட்டாருன்னு தெரு ஃபுல்லா ஓட்டுனேன். ஆனா ரொம்ப நாள் எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. இவ்ளோ கணக்கு தெரிஞ்ச மனுசன், அன்னிக்கு மட்டும் நான் சொல்லியும் எப்டி மறந்தாருன்னு.