நூற்று நாலு டிகிரி

நைட் டியூட்டி முடிந்து, திண்டிவனத்தில் பஸ் ஏறிச் செஞ்சியில் இறங்கும்போது மணி ஒன்பதரை. கால் இரண்டும் கல்லாய்க் கனத்தன. வீட்டுக்குப் போய்க் குளித்து, நாலு இட்லியை விழுங்கிவிட்டுச் சாயங்காலம் வரை தூங்குவதுதான் என் வழக்கம். அன்றைக்குப் போனால், அக்கா குளியலறைக் கதவின் இடுக்குகளில் பழைய புடவைகளைத் திணித்துக்கொண்டு நிற்கிறாள்.

"வந்துட்டியா பாப்பா? சாப்ட்டுட்டு வா. இன்னிக்கே கழுவிடலாம்."

நாற்பத்தாறு வயதிலும் நான் அவளுக்குப் பாப்பாதான். கழுவ வேண்டியது ஒரு கலர் ஸ்லைடு பிலிம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்த காலத்தில் அக்காவுக்கு கேமராதான் உயிர். இந்த பிலிமில் பதினாலு படம் எடுத்திருந்தபோது சர்க்கரை வியாதி அவள் கண்ணில் கை வைத்தது. இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் எல்லாமே புகைக்குள் தெரிகிறதாம். கேமரா பிலிமோடு பீரோவுக்குள் போனது, வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தது.

வியாழக்கிழமை புதுச்சேரியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். இருக்கிற பார்வை நிற்கலாம், போகவும் போகலாம் என்று டாக்டர் மழுப்பாமல் சொல்லிவிட்டார். அதற்குள் அந்தப் பதினாலையும் பார்த்துவிட வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். ஸ்லைடு என்றால் அந்த பிலிமே படம். ப்ரொஜெக்டரில் போட்டால் சுவர் முழுக்க வெளிச்சமாக விழும். அவ்வளவு பெரிதாக விழுந்தால் தனக்கும் தெரியும் என்பது அவள் கணக்கு. சென்னைக்கு அனுப்பினால் ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அதனால் கழுவும் மருந்துகளைக் கூரியரில் வரவழைத்தோம். என்ன எடுத்தாய் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள்.

எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். இந்த வீட்டில் நான் ஓடி ஓடிச் சாவது ஒருத்தர் கண்ணிலும் படுவதில்லை என்ற மனத்தாங்கல் எனக்கு நெடுநாளாக உண்டு. ஆனாலும் கிளவுஸை மாட்டிக்கொண்டேன்.

பிலிமைக் கும்மிருட்டில்தான் சுருளில் ஏற்ற வேண்டும். அதை அக்காவே செய்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள், மூடிய டப்பாவோடு வெளியே வந்தாள்.

"இருட்டுல எனக்கென்னா பாப்பா, எல்லா நேரமும் ஒன்னுதான்."

மீதி என் பொறுப்பு. மூன்று மருந்தில் முதல் மருந்துதான் படத்தின் தலையெழுத்து. அது ஃபாரன்ஹீட் கணக்கில் நூறு டிகிரியில் இருக்க வேண்டும், ஆறரை நிமிஷம். சூடு குறைந்தால் படம் இருட்டாகிவிடும். கழுவும் விதத்தை வீடியோவில் காட்டியவன் தண்ணீரைச் சுடவைக்கப் படாத பாடு பட்டான். எங்கள் ஊரில் சித்திரை மாதத்தில் கதையே வேறு. மூன்று பக்கமும் பாறை மலை; வெயில் ஏறிவிட்டால் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து வரும் தண்ணீரில் குளிக்க முடியாது. ஆறவைப்பதுதான் எங்கள் கஷ்டம்.

குழாய்த் தண்ணீரை ஒரு டப்பில் பிடித்து மருந்து பாட்டில்களை அதில் நிறுத்தினேன். வீட்டிலிருந்தது ஜுரம் பார்க்கும் பழைய பாதரசத் தெர்மாமீட்டர். விட்டுப் பார்த்தால் நூற்று நாலு. குடத்துத் தண்ணீர் இரண்டு செம்பு ஊற்றினேன். நூற்று நாலு. இன்னும் மூன்று செம்பு. நூற்று நாலு. ஃப்ரிட்ஜிலிருந்த பாட்டிலையும் கவிழ்த்தேன். அசையவில்லை. பாழாய்ப்போன ஊர், இதன் சூட்டுக்கு ஐஸ் மலையே வேண்டும் என்று திட்டினேன். கண் தானாக மூடிக்கொண்டு போனது. போனால் போகிறது, சூடு அதிகம் என்றால் நேரத்தைக் குறைத்தால் ஆயிற்று என்று முதல் மருந்தை டப்பாவின் மூடித் துளை வழியாக ஊற்றி, ஐந்து நிமிஷத்திலேயே வெளியே கொட்டிவிட்டேன்.

"இன்னும் எவ்ளோ காட்டுது?" என்றாள் கதவோரம் உட்கார்ந்திருந்த அக்கா.

"அதே நூத்தி நாலுதான். எறங்கவே மாட்டேங்குது."

அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"உதறனியா பாப்பா?"

ஜுரத் தெர்மாமீட்டரில் ஏறிய பாதரசம் உதறினால்தான் இறங்கும். இருபத்திரண்டு வருஷமாக நான் நர்ஸ். வார்டில் டிஜிட்டல் வரும்வரை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை உதறிய கை இது. கிளவுஸைக் கழற்றி டப்பில் விரலை விட்டேன். பானைத் தண்ணீராய்ச் சில்லென்று இருந்தது.

கொட்டிய மருந்தைத் திரும்பப் பிடிக்க முடியாது. மற்ற இரண்டையும் சரியான சூட்டில் ஊற்றி முடித்தேன். அழுகையாக வந்தது, அழக்கூடத் தெம்பில்லை.

பிலிம் காய்ந்ததும் இரண்டு படத்தை வெட்டி அட்டைச் சட்டத்தில் செருகி ப்ரொஜெக்டரில் போட்டேன். சுவரில் காப்பிக் கசண்டு மாதிரி ஒரு கறுப்பு விழுந்தது. அக்கா எழுந்து போய்ச் சுவரில் மூக்கு இடிக்க நின்றாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். கையால் தடவியும் பார்த்தாள்.

"ஒன்னும் தெரியல" என்றாள். முகம் சுண்டிப்போய்விட்டது. என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னாலேயே வந்து மாடிப்படி நிழலில் உட்கார்ந்தாள். ராஜகிரிக் கோட்டை மலைக்கு மேலே வெயில் கொளுத்தியது. அந்த வெயிலுக்கு நேராக பிலிமைத் தூக்கிப் பிடித்தேன். கறுப்புக்குள்ளிருந்து, செம்மண் நிறத்தில், உருவங்கள் தெரிந்தன.

முதல் படத்தில் நான். டியூட்டிப் புடவையோடு, நாற்காலியில், தலை சுவரில் சாய்ந்திருக்கிறது. அடுத்ததில் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே தூங்குகிறேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில், வாயைப் பிளந்துகொண்டு. ரேஷன் கடை வாசலில் பைகளுக்கு நடுவே. ஒரு தடவை பனமலைக் கோயிலுக்குப் போயிருந்தோம். அங்கேயும் தூணில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன், பக்கத்தில் என் செருப்புகளை யாரோ ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, அக்காதான்.

கை வலித்தது. ஆனால் இறக்க மனம் வரவில்லை.

"இன்னா பாப்பா, பேச்சையே காணோம்?"

"நான்தான்க்கா இருக்கறேன்."

"தூங்கறியா?"

"ஆமா."

"எல்லாத்துலயுமா?"

மறுபடி ஒவ்வொன்றாக வெயிலில் காட்டிப் பார்த்தேன். கண் கலங்கியதால் கடைசி மூன்றையும் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது.

"பதினாலுலயும்."

"அப்ப சரியாத்தான் வந்திருக்குது" என்றாள் அக்கா. "கீழ போய் படு."