செல்லத்துரை ஐயாவுக்கு வைத்த சூப்

முப்பத்திரண்டு வருடம் சாப்பாட்டு மேசைகளுக்குப் பக்கத்தில் நின்றே போயிற்று. கொழும்பில் இருபத்தைந்து, கடைசி ஏழு யாழ்ப்பாணத்தில். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் கத்தி எந்தப் பக்கம், கிளாஸ் எந்தப் பக்கம் என்பதுதான். அது ஒரு கிழமையில் பழகிவிடும். நான் எழுதப்போவது வேறு. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

1. வெங்காயந்தான்

லண்டனிலிருந்து வந்த எங்கள் முதலாளி, நகரத்தில் நடுமுற்றம் வைத்த பழைய நாற்சார் வீடொன்றைத் திருத்தி ரெஸ்டோரண்ட் ஆக்கினார். வெள்ளை மேசை விரிப்பு, ஐந்து கோர்ஸ் சாப்பாடு, கையுறை போட்டுப் பரிமாறும் ஸ்டூவர்ட்கள். நான் கப்டன். வந்தவரை இருத்தி, ஓடர் எடுத்து, எல்லாம் பிழையில்லாமல் மேசைக்கு வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. என் மேசையிலிருந்து ஒரு தட்டும் திரும்பிப் போனதில்லை என்று புதிதாக வரும் ஸ்டூவர்ட்களிடம் மார்தட்டுவேன்.

எங்களுக்குப் பேர் வாங்கித் தந்தது பிரெஞ்சு வெங்காய சூப். சின்ன வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, பட்டரில் ஒரு மணித்தியாலம் சிறு நெருப்பில் வதக்கி, ஸ்டொக் ஊற்றிக் கொதிக்கவைத்து, மேலே பாண் துண்டும் சீஸும் போட்டுச் சுட்டுக் கொடுப்போம். ஸ்டொக் என்பது மாட்டெலும்பை வறுத்து, பிறகு நாள் முழுக்க அவித்து வடித்த சாறு.

வெங்காயம் தருபவர் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் தோட்டம் செய்யும் செல்லத்துரை ஐயா. மூட்டையைப் பின் கேற்றில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் கொழும்பிலிருந்து சாப்பாட்டைப் பற்றி எழுதுபவர்கள் நாலு பேர் வந்தார்கள். வெங்காயம் விளைவித்தவரே அந்த சூப்பைக் குடிப்பதைப் படம் எடுக்க வேண்டுமென்று முதலாளி அவரையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்.

செஃப் அன்ரன் குருநகர்ப் பெடியன். என்னைக் குசினிக்குள் கூப்பிட்டான்.

"அண்ணை, அந்த ஐயா மச்சம், இறைச்சி ஒண்டும் சாப்பிடாத ஆள். சூப்பிலை இருக்கிறது மாட்டு ஸ்டொக். போய்ச் சொல்லிப்போடுங்கோ. நான் வேறை ஏதும் செய்து தாறன்."

ஓம் என்றேன். சொல்லும் எண்ணத்தோடுதான் வெளியே வந்தேன். அதற்குள் ஸ்டூவர்ட் கோப்பையை வைத்துவிட்டான். நாலு பேரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். முதலாளி முகமெல்லாம் சிரிப்பு. கரை வேட்டியும் திருநீறுமாக இருந்த செல்லத்துரை ஐயா, என் பக்கம் சரிந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இது சைவந்தானே?"

"ஓம் ஐயா. வெங்காயந்தான்."

வாய் கூசாமல் சொன்னேன். நான் சண்டிலிப்பாய் ஊரான். எங்கள் வீட்டுக் கொட்டிலிலும் மாடு நின்றது. தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டு வளர்ந்தவன். மாட்டுச் சாறு அவருக்கு எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மேசையில் ஒரு குழப்பம் வரக்கூடாது, தட்டுத் திரும்பிப் போகக்கூடாது. அந்த நேரத்தில் எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

அவர் குடித்தார். நாற்பது வருடம் வெங்காயம் நட்டும் அதற்குள் இப்படியொரு ருசி இருப்பது தெரியாமல் போயிற்றே என்று சொல்லி, இன்னுமொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார். அன்ரன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

2. வாளி

இரண்டு மாதம் கழித்து ஐயா மூடி போட்ட ஒரு சில்வர் வாளியோடு வந்தார். அடுத்த நாள் மனைவியின் திவசம். படையலில் வைக்கக் கொஞ்சம் சூப் வேண்டுமாம்.

"அவவும் நானும் சேர்ந்து நட்ட வெங்காயம் தம்பி. அதின்ரை ருசியை அவவும் ஒருக்கால் பாக்கட்டும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அன்ரன் உண்மையைச் சொல்லச் சொன்னான். நான் கெஞ்சினேன். கடைசியில் புதுச் சட்டியில், கரட்டும் லீக்ஸும் காளானும் அவித்த ஸ்டொக்கில் செய்து தந்தான். நல்ல சூப்தான். ஆனால் அந்த சூப் இல்லை.

அடுத்த கிழமை ஐயா வந்து, குறையாக நினைக்க வேண்டாம், அன்றைக்குக் குடித்த ருசி இதில் வரவில்லை, என்ன காரணம் என்று கேட்டார்.

"இந்தமுறை வெங்காயம் கொஞ்சம் சரியில்லை ஐயா."

இதை எழுதும்போது கை கூசுகிறது. முதல் பொய்யையாவது அவசரத்தில் சொன்னேன். இதை நின்று யோசித்துச் சொன்னேன். அவர் அன்றைக்குக் கொண்டுவந்த மூட்டையை அவிழ்த்து, ஒரு வெங்காயத்தை எடுத்து நசுக்கி முகர்ந்து பார்த்தார். மூட்டையைத் திரும்பக் கட்டி வைத்துவிட்டுப் போனார்.

3. மூன்று பைகள்

அடுத்த போகம் முடிந்து ஐயா மூன்று சின்னப் பைகளோடு வந்தார். தோட்டத்தைப் பிரித்து, விதை வெங்காயத்தை மாற்றி, பசளையை மாற்றி, மூன்று விதமாக நட்டுப் பார்த்தாராம். எது பழைய ருசி என்று எங்கள் செஃப் சொன்னால் போதுமாம். வெயிலில் நின்று கறுத்துப்போயிருந்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பின் வளவுத் தண்ணீர்க் குழாயடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டு ஸ்டொக், படம் எடுத்தவர்கள், வாளி, எல்லாம். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"மனிசிக்கு வைச்சது?"

"அது சைவம் ஐயா. சத்தியமா."

ஒரு பையைத் திறந்து வெங்காயம் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"அப்ப, வெங்காயத்திலை பிழை இல்லை."

"இல்லை ஐயா."

குழாயைத் திறந்தார். எத்தனையோ மாதத்துக்கு முன் குடித்த சூப்புக்கு, திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்தார். நான் பக்கத்தில் நின்றேன். பிறகு மூன்று பைகளையும் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்களுக்கு வெங்காயம் தரவில்லை.

பிள்ளைகளே, மேசையில் இருப்பவர் ஒன்றைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். முதலாளி பார்த்தாலும், ஊரே படம் பிடித்தாலும், கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குத் திரும்புங்கள். என் மேசையிலிருந்து ஒரு தட்டும் திரும்பிப் போனதில்லை. ஒன்று திரும்பியிருக்க வேண்டும்.