வரிசையில் முதல் ஜீப்

"பொம்பளை ஓட்டினா சிறுத்தை வெளிய வருமாம்மா?"

கவுண்டர் ஜன்னலுக்கு நேராகக் குனிந்து ஒரு மனிதர் என்னிடம் இப்படிக் கேட்டார். கிண்டல் இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரிப்பவரைப் போல நிஜமாகவே கேட்டார். பள்ளிக்கூடத்தில் வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். அன்று குனிந்து சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். அவர் கேட்டது என் அக்காவைப் பற்றி.

போன வருடம் பள்ளிப் படிப்பை முடித்தேன். வாங்கிய மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரியும் கதவைத் திறக்கவில்லை. அதனால் காட்டு வாசலுக்கு எதிரே இருக்கும் சஃபாரி கம்பெனியில் சீட்டு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். எட்டு மணிக்கு முப்பது பேரை ஏற்றிக்கொண்டு ஒரு பேருந்து போகும். அது வேண்டாம் என்பவர்களுக்குத் தனி ஜீப் உண்டு. அதில் அவர்கள் குடும்பம் மட்டும் போகலாம். விடிவதற்கு முன்பே வாசலில் நின்று, ஐந்தரைக்குக் கதவு திறந்ததும் உள்ளே நுழையலாம். பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது இதைத்தான். "தனி வண்டி வேணும். அதிலயும் மொத வண்டியா இருக்கணும்."

முதல் வண்டியைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உள்ளே இருப்பது மண் பாதை. இரவு முழுக்க நடந்த விலங்குகளின் தடம் அதில் அச்சு மாதிரி பதிந்திருக்கும். முதலில் போகிறவர் அதைப் படிக்கலாம். இரண்டாவதாகப் போகிறவருக்குக் கிடைப்பது முதல் ஜீப்பின் டயர் தடம்தான்.

அந்த முதல் இடத்தில் பெரும்பாலும் என் அக்காவின் ஜீப் நிற்கும். அதற்காக அவள் இரண்டே முக்காலுக்கு எழுவாள். தூங்கும் மகனைத் தாண்டி, விளக்குப் போடாமல் உடை மாற்றுவாள். தலைமுடியைச் சுருட்டித் தொப்பிக்குள் திணிப்பாள். சோப்பு வாசனைகூட விலங்குக்குத் தெரியும் என்று வெறும் தண்ணீரில்தான் முகம் கழுவுவாள். மூன்றரைக்கு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அதற்கு முன்னால் ஆறு வருடம் அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். "நாற்பது குட்டிப் பிசாசுங்களை ஏத்தி இறக்கினவ நான். யானையைப் பார்த்தா பயப்படுவேன்?" என்று சிரிப்பாள். காட்டு அலுவலகத்தில் தேர்வு எழுதி, தடம் பார்த்துச் சொல்லிக் காட்டி, இரண்டாவது முயற்சியில் ஓட்டுநர் அட்டை வாங்கினாள். அந்த அட்டை இல்லாமல் யாரும் வாசலைத் தாண்டி வண்டி ஓட்ட முடியாது. நாற்பத்து மூன்று பேரிடம் அது இருந்தது. அதில் பெண் அவள் ஒருத்திதான். வீட்டில் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து அதையும் ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தாள். இந்தக் கதை முழுக்க அந்த அட்டையைப் பற்றியதுதான்.

அவள் கழுத்தை நெரித்தவை இரண்டு விதிகள். ஒன்று கம்பெனி விதி: தனி ஜீப் எடுத்தவர்கள் கதவு திறக்கும் வரை ஓட்டுநரை மாற்றச் சொல்லலாம். இன்னொன்று காட்டு வாசல் விதி: வரிசையில் இடம் வண்டிக்குத்தான் சொந்தம், ஓட்டுநருக்கு இல்லை.

ஐந்தேகாலுக்கு விருந்தினர்கள் சீட்டு வாங்க வருவார்கள். வாங்கிக்கொண்டு முதல் ஜீப்பிடம் போவார்கள். உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் திரும்பி என்னிடம் வருவார்கள்.

"வேற டிரைவர் இருக்காங்களா?"

"வண்டி சேத்துல மாட்டிக்கிட்டா யாரு தள்ளுறது?"

"எங்க மாமியார் ரொம்ப பயப்படுறாங்க." அந்த மாமியார் காரில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நான் மாற்றுச் சீட்டு எழுதுவேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். எழுதியதும் ரேடியோ அண்ணன் வருவார். பேச ஆரம்பித்தால் அணைக்க முடியாது என்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஐந்து மணிக்கு எழுந்து, சவர வாசனையோடு வந்து, என் அக்கா மூன்றரையிலிருந்து காத்துக்கிடந்த ஜீப்பில் ஏறி உட்காருவார். உழுதவன் ஒருத்தன், அறுத்தவன் ஒருத்தன். "என்ன தங்கச்சி, சீட்டைச் சூடா வச்சிருக்க போல" என்று அவளிடம் ஒருநாள் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா தண்ணீர் பாட்டிலையும், முதுகுக்கு வைத்துக்கொள்ளும் திண்டையும் எடுத்துக்கொண்டு எட்டு மணிப் பேருந்தை ஓட்ட நடந்தாள்.

அந்த ஒரு பருவத்தில் நாற்பத்தொரு முறை அப்படி நடந்தாள். நாற்பத்தொரு சீட்டும் என் கையெழுத்து.

"நீ ஏன்க்கா வாயைத் திறக்க மாட்டேங்கிற? நானா இருந்தா பிடிச்சுக் கிழிச்சிருப்பேன்" என்று ஒருநாள் வீட்டில் கத்தினேன்.

"கத்தினா அதுக்கும் ஒரு பேர் வைப்பாங்கடி. இப்ப பொம்பளை டிரைவர். அப்புறம் பொம்பளை பைத்தியம்" என்றாள்.

எழுதுகிறவள் நீதானே என்று அவள் ஒருமுறைகூட என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

நாற்பத்திரண்டாவது முறை நான் எழுத மறுத்தேன். என் தப்பு அங்கேதான் தொடங்கியது.

வந்தது ஒரு கணவன், மனைவி, மனைவியின் அப்பா. கணவர் திரும்பி வந்து ஜன்னலைத் தட்டினார். "அந்த லேடி வேண்டாம். ஆளை மாத்துங்க."

"சார், இங்க இருக்கிறதுலயே நல்லா தடம் பார்க்கிறது அவங்கதான்."

"அப்ப சிறுத்தையைக் காட்டுவாங்களா?"

"காட்டுவாங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. எழுதிக் குடு பார்ப்போம்."

இந்த ஊரில் ஓட்டுநர்கள் யாரும் ஒரு விலங்கைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுப்பதில்லை. பார்க்கலாம் என்பார்கள், இருக்கலாம் என்பார்கள். 'கண்டிப்பா' என்ற சொல் ரேடியோ அண்ணன் வாயில்கூட வராது. அதற்கு அலுவலக விதியும் உண்டு: விலங்கைக் காட்டுவதாக உறுதி கொடுத்தால் அட்டை பறிபோகும். எனக்கு அது தெரியும். கோபத்தில் இருந்தவளுக்குத் தெரிந்தது எதுவும் உதவவில்லை. சீட்டின் ஓரத்தில் 'சிறுத்தை உறுதி' என்று எழுதி, கீழே கோடு வேறு போட்டு நீட்டினேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் பேனாவால் கெடுத்தேன், அதுவும் இன்னொருத்தியை.

கதவு திறந்தது. அக்கா முதல் வண்டியாக உள்ளே போனாள். நான் ஜன்னலில் நின்று அற்பமாகச் சந்தோஷப்பட்டேன்.

உள்ளே நடந்ததை அக்கா எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். ஒரு திருப்பத்தில் புதுத் தடம் கிடைத்தது. பெரிய சிறுத்தை, ஓரத்து மண் இன்னும் உதிராத தடம். அக்கா வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தாள். பெரிய தடத்துக்குப் பக்கத்தில், என் கட்டை விரல் அகலத்தில் சின்னத் தடங்கள் இருந்தன. இரண்டு குட்டிகள். தடம் பாதையை விட்டு விலகி, ஜீப் போகக்கூடிய ஒரு பழைய வழியில் பாறைகளை நோக்கிப் போனது.

அக்கா வண்டியைப் பின்னால் எடுத்தாள்.

"ஏன் திருப்புறீங்க?" என்று பெரியவர் கேட்டார்.

"குட்டி போட்டிருக்குங்க ஐயா. நாம உள்ள போனா தாய் குட்டிங்களை வாயில கவ்விக்கிட்டு வேற இடம் தேடும். தூக்கிட்டுப் போறப்ப ஒண்ணு தவறிடும். நாளைக்கு இந்த வழியில பத்து ஜீப் வந்து நிக்கும்."

பெரியவர் தலையாட்டினார். மருமகன் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "எழுதிக் குடுத்திருக்கீங்க. ஒழுங்கா ஓட்டு."

அக்கா சீட்டைப் பார்த்தாள். நான் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அவள் பார்த்துவரும் கையெழுத்து. அ, ஆ எழுதும்போது என் கையைப் பிடித்து எழுத வைத்தவள் அவள்.

வண்டியைத் திருப்பினாள். டயரை வேண்டுமென்றே அந்தச் சின்னத் தடங்களின் மேல் ஏற்றிக் கலைத்துவிட்டுத்தான் திரும்பினாள். பின்னால் வருகிறவர்கள் யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக. மருமகன் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். ஒரு மான் கூட்டத்தை அவள் காட்டியபோது, "மானை எங்க ஊர் பூங்காவுல பார்த்துக்கிறேன்" என்றாராம்.

வெளியே வந்ததும் அவர் நேராகக் காட்டு அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதினார். அக்கா நேராக என்னிடம் வந்தாள். அவள் என்னை அடித்திருக்கலாம்.

"சிறுத்தை என்ன உன் வீட்டுப் பூனையா, கூப்பிட்டா வர?"

"அக்கா, அந்த ஆள் உன்னை மாத்தச் சொன்னான். நான் உனக்காகத்தான்..."

"எனக்காகவா? நாற்பத்தொரு தடவை நடந்து போனேனே, அப்பகூட என் அட்டை என்கிட்ட இருந்துச்சுடி."

இரண்டு நாள் கழித்து விசாரணை. முந்தின மாலை முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா சொல்லித்தான் எழுதினேன்னு சொல்லிடு. கம்பெனி தப்பிச்சுக்கும், உன் வேலையும் போகாது. அவ எப்படியும் மாட்டிக்கிட்டா." தேநீர் வேறு வரவழைத்தார். நான் அதைத் தொடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு என் மேல் வெறுப்பு இல்லை.

அலுவலக அறையில் அதிகாரி, முதலாளி, சாட்சி என்று ரேடியோ அண்ணன், அக்கா, நான். மேசைமேல் என் சீட்டு. அவர்கள் கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். "இதை எழுதினது நான். அக்காவுக்குத் தெரியாது. உள்ள போன பிறகுதான் பார்த்தா."

அதிகாரி நிதானமானவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யார் எழுதினா என்னம்மா? விதியில 'அந்த வண்டியின் ஓட்டுநர்'னு இருக்கு."

வரிசையில் இடம் வண்டிக்குச் சொந்தம். பழி என்று வந்தால் மட்டும் அது ஓட்டுநருக்குச் சொந்தம். இதை நான் அங்கேயே சத்தமாகச் சொன்னேன். முதலாளி என்னை முறைத்தார். அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகியது. அக்காவைப் பார்த்து, "குட்டி இருந்ததுனாலதான் திருப்பினேன்னு சொல்றீங்க. அதுக்கு ஆதாரம் இருந்தா நான் இதை வேற மாதிரி எழுதலாம். எந்த இடம்னு சொல்லுங்க. ஆள் அனுப்பிப் பார்க்கிறேன்" என்றார்.

ரேடியோ அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். முதலாளி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அக்கா அவர்கள் இருவரையும் பார்த்தாள். "இவங்களை வெளிய அனுப்புங்க சார். உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

"இது விசாரணைம்மா. புகார்ல சம்பந்தப்பட்டவங்களை அனுப்ப முடியாது."

"அப்ப என்கிட்ட சொல்ல ஒண்ணும் இல்ல சார்."

"அக்கா!" என்றேன். ஒரு பாறையின் பெயர், ஒரு திருப்பத்தின் பெயர், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"சும்மா இருடி," என்றாள். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தாள். அதன் ஓரம் மடங்கியிருந்தது. மேசையில் வைத்து, கட்டை விரலால் அந்த மடிப்பை ஒருமுறை நீவிச் சரிசெய்தாள். பிறகு அதிகாரியின் பக்கம் தள்ளினாள்.

பருவம் முடியும் வரை அட்டை முடக்கம் என்று எழுதினார்கள். அடுத்த பருவத்துக்கு அவள் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு உட்பட. ஜன்னலில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். மறுநாள் காலையில் அக்காவின் ஜீப்பை ரேடியோ அண்ணன் ஓட்டிக்கொண்டு போனார். வாசலுக்கு ஐந்து மணிக்கு வந்ததால் வரிசையில் ஒன்பதாவது இடம்தான் கிடைத்தது. அதற்காக அவரிடம் யாரும் ஓட்டுநரை மாற்றச் சொல்லவில்லை.

அக்கா இப்போது ரொட்டி வேன் ஓட்டுகிறாள். என்னோடு பேசுகிறாள், ஆனால் அளந்துதான் பேசுகிறாள். போன வாரம் தேர்வுப் புத்தகத்தை என் முன்னால் போட்டு, "கேள்வி கேளு" என்றாள். தடங்களைப் பற்றி நாற்பது கேள்வி கேட்டேன். முப்பத்தொன்பதுக்குச் சரியாகச் சொன்னாள். குட்டிகள் எங்கே என்று மட்டும் எனக்கும் இதுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் கோபம் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். உங்களுக்குத் தெரிந்த யாராவது விடியற்காலைத் தனி ஜீப் எடுக்கப் போகிறார்கள் என்றால், தயவுசெய்து இதை அவர்களிடம் படிக்கக் கொடுங்கள். தனி வண்டி எடுக்கட்டும், முதல் வண்டியாகவே கேட்கட்டும். ஆனால் அந்த இடத்தைப் பிடித்தவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஆளை மாற்றத் தோன்றினால், பேருந்தில் போகட்டும். அடுத்த பருவம் தொடங்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அதற்குள் இது எத்தனை பேர் கைக்குப் போக முடியுமோ, அத்தனை பேர் கைக்கும் போகட்டும்.