வசனம் சொல்லும் பிள்ளை

தச்சநல்லூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிற பாக்கியசீலனுக்கு நல்ல குரல். கோயிலில் வேதபாடம் வாசிக்க வேண்டியவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் போதகர் ஐயாவின் கண் அவனைத்தான் தேடும். மகள் எப்சிக்கு அவன் கொடுத்த சொத்து என்றால் அந்தக் குரலும் பைபிள் வசனங்களும்தான்.

எப்சிக்குப் பேச்சு வரத் தாமதமானது. மூன்று வயதுக்கு மேல் வாய் திறந்தபோதும் 'அம்மா' வரவில்லை. அப்பன் ராத்திரி ஜெபத்தில் சொல்லுகிற வசனம் வந்தது; நடுவில் அவன் தொண்டையைச் செருமுகிற செருமலோடு முழுசாக வந்தது. அவன் மனைவி பிரிஸில்லா அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து அழுதாள். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும், "எப்சி, மாமாவுக்கு வசனம் சொல்லு" என்பார்கள். சொன்னால் கைதட்டு, மிட்டாய். பள்ளியில் சேர்க்கப் போன இடத்திலும் அதுவே காப்பாற்றியது. "இம்புட்டுச் சொல்லுத பிள்ளைக்கு என்ன குறைச்சல்?" என்று தலைமையாசிரியை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்.

இப்போது நான்காம் வகுப்பு. தன் பெயரை எழுத வராது. பக்கத்தில் உட்காரும் பிரியதர்ஷினி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கொடுப்பாள், கழிப்பறைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள். மற்றப் பிள்ளைகள் மதியம் சுற்றி நின்று, "எப்சி, வசனம்!" என்று சுவிட்சைத் தட்டுகிற மாதிரி தட்டுவார்கள். அதுவும் ஒருவிதச் சேர்த்திதானே என்று பாக்கியசீலன் இருந்துவிட்டான்.

மார்ச் மாதம் வகுப்பாசிரியர் குமரகுருபரன் அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய. நாப்பது பிள்ளையள் இருக்கு. எப்சிய நாங்க பாத்துக்கிடுதோம், படிச்சுக் குடுக்கல. ரெண்டும் ஒண்ணில்ல."

"வெளிய அனுப்புதியளா சார்?"

"நான் அனுப்ப மாட்டேன். வருசா வருசம் மேல ஏத்தி விட்டுக்கிட்டே இருப்போம். பொறவு?"

அவர்தான் பாளையங்கோட்டையில் ஒரு சிறப்பு வகுப்பைச் சொன்னார். எட்டுப் பிள்ளைக்கு ஒரு டீச்சர். ஜூனுக்கு ஒரே ஓர் இடம் இருந்தது.

அங்கே கோமு டீச்சர் எப்சியிடம் ஒரு துண்டை நீட்டி மடிக்கச் சொன்னார். சிவப்புப் பந்தை எடுக்கச் சொன்னார். அவள் ஜன்னலோரத்துத் தண்ணீர்ப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்கியசீலனுக்கு வியர்த்துவிட்டது. இந்த இடமும் போய்விடுமோ என்ற பயத்தில், பழக்க தோஷம், வாயை விட்டான்.

"டீச்சருக்கு வசனம் சொல்லுட்டி."

சொன்னாள். பிசகில்லாமல் சொன்னாள். டீச்சர் கைதட்டவில்லை. எப்சி யாரும் கேட்காமலே மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள், கண் பானையின்மேல்.

"வீட்டுல தண்ணி வேணும்னா எப்படிக் கேப்பா?"

"கேக்கவே வேண்டாம் டீச்சர். வசனம் சொல்லிக்கிட்டே பக்கத்துல வருவா. நாங்களே என்னன்னு பாத்துக் குடுத்திருவோம்." பெருமையாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது, சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது.

டீச்சர் எழுந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். எப்சி மூச்சு விடாமல் குடித்தாள்.

"தாகம், பசி, வயித்துவலி எல்லாத்துக்கும் அவகிட்ட இருக்கது அது ஒண்ணுதான் அண்ணாச்சி. நீங்க நல்லதுன்னுதான் செஞ்சிய. பிள்ளைய நான் சேத்துக்கிடுதேன். ஆனா இங்க வசனத்துக்கு யாரும் அசைய மாட்டோம். கையக் காட்டணும், இல்ல படத்தத் தொடணும். வீட்டுலயும் அப்படித்தான். ஆகுமா?"

"எம்புட்டு நாளைக்கு?"

"தெரியாது."

"பொறவு பேசிருவாளா?"

"அதுவும் தெரியாது. அஞ்சு வயசுல வந்திருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன்."

வீட்டில் பிரிஸில்லா அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "அங்கன அந்தப் பிரியதர்ஷினி இருப்பாளா? இருக்க ஒரு சிநேகிதத்தையும் விட்டுட்டுப் போணும். பெத்த பிள்ள வாயத் தொறந்தா நாம திரும்பிப் பாக்கக்கூடாது. அப்படியாக்கும்?"

"இங்கனயே இருந்தா மட்டும் என்ன ஆவப்போவுது?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

ஜூன் பிறந்ததும் அங்கேயே எப்சியைச் சேர்த்தார்கள்.

முதல் நாள் வாசலிலேயே கோமு டீச்சர், "நீங்க வெளிய போயிருங்க. மூஞ்சி தெரிஞ்சா உங்களத்தான் பாப்பா" என்று கதவைச் சாத்தினார். பாக்கியசீலன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரத்தில் உள்ளே வசனம் கேட்டது. அவன் குரல் ஏற்ற இறக்கம், அவன் செருமல். முடிந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. திரும்பவும் தொடங்கியது, கொஞ்சம் சத்தமாக.

போன் அடித்தது. கடை முதலாளி. "ஏலே பாக்கியம், சிமெண்டு மூடை ஏத்தணும், எங்கன நிக்கே?"

"இந்தா வாரேன் அண்ணாச்சி."

சாவியைத் திருகப் போனவன் நிறுத்தினான். வண்டிச் சத்தம் அவளுக்குத் தெரியும். வெற்று வண்டிதானே என்று கைப்பிடியைப் பிடித்துக் கேட்டைத் தாண்டித் தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனான். அங்கேயும் வசனம் கேட்டது.